கீழ் லயத்து டின்கள்

“பன்னெண்டு டின்னுல பதினொண்ணு ஒரே ஆளோடது” என்று மைக்ரஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார் இக்ராம். “அதே புழு முட்டை, அதே மிளகாய் விதை. அஞ்சு மாசக் கைக்குழந்தை டின்னுலயும் மிளகாய் விதை.”

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கணேசமூர்த்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வெளியிலிருந்து வந்த அதிகாரி முன்னால் இப்படியா மானம் போக வேண்டும்?

இக்ராம் கொக்கிப்புழுக் கணக்கெடுக்க ஹட்டனிலிருந்து வந்தவர். ஆளுக்கொரு மூடி டின் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். காலையில் மலம் எடுத்து அதில் வைத்துத் திருப்பித் தர வேண்டும். தொழிலாளர்கள் குடியிருக்கும் எந்த லயத்தில் எத்தனை பேருக்குப் புழு என்ற எண்ணிக்கை கொழும்புக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் மருந்தும் வரும், கக்கூஸ் கட்டவும் ஆள் வரும்.

கீழ் லயம் சின்னது. வரிசையாக நாலு காம்பரா அறைகள், பன்னிரண்டு பேர். அத்தனை டின்னையும் ஒரு சாக்கில் போட்டுச் சுமந்து வந்து கொடுத்தவள் வேலாயி.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வந்து வாசலில் நின்றாள். வெளுத்த முகம். அவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது.

“ஏ வேலாயி, எல்லா டின்னுக்கும் நீதான் போட்டியா?” என்று கேட்டார் கணேசமூர்த்தி.

“ஆமாங்க டாக்டரய்யா.”

மறுக்கக்கூட இல்லை. அதுதான் கணேசமூர்த்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“வெக்கமா இல்ல ஒனக்கு? கவருமெண்டுக்கே பொய்க் கணக்குக் குடுப்பியா? இருவது வருசமா நான் இந்தப் பொஸ்தகத்த எழுதறேன். ஒரு பேரு விட்டுப்போனதில்ல. ஒரு கட்டம் காலியா இருந்ததில்ல.”

அவர் பீற்றிக்கொள்ளவில்லை. பதிவேட்டை இக்ராமும் முதல் நாளே பார்த்திருந்தார். அடித்தல் திருத்தல் கிடையாது. போன வருடம் டிஸ்பென்சர்களே கணக்கெடுத்து அனுப்பியபோது, முதலில் வந்து சேர்ந்ததும் கணேசமூர்த்தியின் கணக்குதான். அதற்காகத் தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்தாராம்.

“மீனம்மாங்கிறது யாரு?” என்று கேட்டார் இக்ராம். “அந்த ஒரு டின்னு மட்டும் வேற ஆளோடது.”

“என் மகளுங்க. ஏழு வயசு.”

“அந்தப் புள்ளைக்கு நெறைய புழு இருக்கு.”

“தெரியுமுங்க. மண்ணத் திங்குது. மொகம் ஊதிப் போச்சு. மருந்து வருமுங்களா ஐயா?”

இக்ராம் மீனம்மாவின் டின்னை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் சட்டம் சட்டம்தானே.

“பாரும்மா, ஒரு லயத்துல ஏமாத்து நடந்திருந்தா அந்த லயத்தையே கணக்குலருந்து எடுத்துரணும். மத்த லயங்களுக்கு மருந்து வரும். ஒங்களுக்கு அடுத்த வருசந்தான்.”

“அடுத்த வருசம் வரைக்கும் அது தாங்காதுங்க.”

“அதக் கள்ளத்தனம் பண்றதுக்கு முந்தி யோசிச்சிருக்கணும்” என்றார் கணேசமூர்த்தி.

அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இக்ராமுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“மத்தவங்கள்ட்ட கேட்டு வாங்கியிருக்கலாமே?”

“கேட்டேங்க. ஆம்பளைங்க அடிக்க வந்தாங்க. பொம்பளைங்க சிரிச்சாங்க. நல்ல மூடி போட்ட டின்னுன்னு எல்லாரும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு போட்டு வச்சுக்கிட்டாங்க. வீடு வீடாப் போயி கால்ல விழாத கொறையா டின்னுகள மட்டும் வாங்கிட்டு வந்து, கழுவி, நானே போட்டேங்க.”

“எதுக்கு? வெறும் டின்னாவே கொண்டாந்து குடுத்தா யாரு ஒன்னை வையப் போறாங்க?”

“வெறும் டின்னாக் குடுத்தா, புழு இல்லைன்னு எழுதிருவாங்களேங்க.”

“அப்புடி யாரும் எழுத மாட்டாங்கம்மா. பாக்காத ஆளுக்குப் பாக்கலைன்னுதான் எழுதணும். யாரு ஒனக்கு இப்புடிச் சொன்னது?”

“சரி சரி, நீ மலைக்குப் போ. நேரமாச்சு” என்றார் கணேசமூர்த்தி.

“இருங்க டாக்டர்” என்றார் இக்ராம். “நீ சொல்லும்மா.”

வேலாயி டிஸ்பென்சரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய மனிதர்களைக் குறை சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

“யாரும் சொல்லலீங்க ஐயா. போன வருசம் என் மூத்த மகன் அழகனுக்கும் இப்புடித்தான் மொகம் ஊதிச்சு. மருந்து கேட்டுத் தூக்கிட்டு வந்தேன். டாக்டரய்யா பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாங்க. இவனுக்குப் புழு இல்லைன்னு வந்திருக்கு, மருந்து தேவையில்ல, நல்லாச் சோறு குடுன்னாங்க. சோறு குடுத்தேங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தி செத்துட்டான்.”

கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். இக்ராம் போன வருடப் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். கீழ் லயம், பன்னிரண்டு பெயர். பன்னிரண்டுக்கும் நேரே அழகான கையெழுத்தில் ‘இல்லை’.

“டாக்டரய்யாவ நான் கொறை சொல்லலீங்க” என்றாள் வேலாயி. “தப்பு என்னோடது. மகன் டின்ன நான் அந்த வருசம் திருப்பியே குடுக்கல, எல்லாரையும் மாதிரி சுண்ணாம்பு போட்டு வச்சுக்கிட்டேன். யாரோடதப் பாத்து அவனுக்கு இல்லைன்னு எழுதினாங்கன்னுதான், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.”