மூடிகளில் எழுத்து

ஞாயிறு மதியத்திலும் இந்த ஆய்வுக்கூடத்துக்குள் வர வெயில் யோசிக்கிறது. குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. எட்டுக் கிண்ணங்களில் எலி மூளைச் சீவல்கள். அவற்றில் நான்கிற்கு மட்டும், தலையில் அடிபட்டதுபோல், அதிர்ச்சி கொடுத்திருக்கிறாள் கல்லூரி மாணவி. அடியில் சவ்வு கிழிந்த செல்லுக்குள் அவள் ஊற்றிய சாயம் புகுந்து, அது சிவக்கும். எண்ணுகிறவளுக்கு அடிபட்டது எதுவென்று தெரியக்கூடாது என்பதால், கிண்ணங்களைக் கலைத்து, மூடிகளில் எழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அவள் அண்ணன். நேற்றைய கால்பந்து ஆட்டத்தில் கோல் கம்பத்தில் தலை மோதிய கோல்கீப்பர். "எந்த எழுத்து எதுன்னு எழுதி வேற வைக்கணுமா? எட்டுதானே, மனசுலயே இருக்கு" என்று காலையில் சிரித்தான். கடைசிச் சிவப்புப் புள்ளியையும் எண்ணிவிட்டு அவள் நிமிர்கிறாள். "இப்ப சொல்லுண்ணா, அடிபட்டது எதெல்லாம்?" அண்ணன் ஒரு மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "நீயா எழுதின? அப்படியே என் கையெழுத்து மாதிரி இருக்கே."