ஒட்டகச்சிவிங்கி எட்டிப்பார்த்த ஜன்னல்

என் தலையில் மிச்சமிருக்கும் முடியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது அல்ல. முடி கொஞ்சம்தான், ஆணை முழுசு.

பழைய நகரத்தின் குறுகலான சந்து ஒன்றில் நின்றிருந்தோம். நானும் என் மனைவியும், கூடவே சுற்றிப்பார்க்க வந்த ஏழெட்டுப் பேரும். முன்னால் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டிப் பெண்.

"அந்த மாடி ஜன்னலைப் பாருங்க. மத்ததெல்லாம் சதுரம், அது மட்டும் வட்டம். அரசருக்குப் பரிசா வந்த ஒட்டகச்சிவிங்கி, இந்தச் சந்துல போகும்போது தலையை உள்ள விட்டு வரி அதிகாரியோட சாப்பாட்டைத் தின்னுடுச்சு. தலை மாட்டிக்கிச்சு. சுவரை இடிச்சுத்தான் எடுத்தாங்க."

எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒட்டகச்சிவிங்கி நான் விட்ட கதை. சோற்றைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் என் மகனுக்காக அளந்தது. வாயைப் பிளந்து கேட்பான். அந்த நேரம் பார்த்து ஒரு வாய் உள்ளே தள்ளிவிடலாம்.

அவன் வளர்ந்து இதே தெருக்களில் வழிகாட்டியானான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ஒட்டகச்சிவிங்கியை ஓட்டிவந்து இங்கே கட்டிவிட்டான்.

போன மழைக்காலத்தில், காய்ச்சலில், போய்விட்டான்.

இந்தப் பெண் அவனைப் பார்த்ததில்லை. அவன் பேச்சை ஒலிப்பதிவில் கேட்டு மனப்பாடம் செய்தவள். நாங்கள் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கினோம்.

என் மனைவிக்கு வேண்டியது கதையின் கடைசி வரி. அது நான் விட்டதல்ல, சிறுவயதில் அவனே ஒட்டவைத்தது: தலை வெளியே வந்ததும் ஒட்டகச்சிவிங்கி நேராக அதன் அம்மாவிடம் போய்விட்டது. அதை இன்னொரு முறை யார் வாயிலிருந்தாவது கேட்க வேண்டும். அவன் போன பிறகு அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

பெண் அந்த வரியைச் சொல்லவில்லை. குடை நகர்ந்தது. கால்கள் அதன் பின்னால் போயின. யாருடைய கால்கள் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அருங்காட்சியகத்தில் நீளமான, குளிர்ந்த கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்பு.

"நான் சொன்ன ஒட்டகச்சிவிங்கியோட கழுத்தெலும்பு இதுதான்."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் பொய்க்கு எலும்பு முளைத்திருந்தது. பக்கத்தில் நின்றவர், சின்ன வயதிலேயே செத்திருக்க வேண்டும் என்று தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

என் மனைவி பெட்டியை விட்டு அசையவில்லை.

"ஏம்மா, அது அவங்க அம்மாகிட்டப் போகலையா?"

"இல்லம்மா. இங்கேயே செத்துடுச்சு."

"நேரா அம்மாகிட்டதான் போச்சு. என் பையன் சொல்லியிருக்கான்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

பெண் எலும்பைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். "அப்ப இது என்னம்மா?"

"அது மாடு," என்றேன் நான்.

யாரோ சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை. என் மனைவியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடையை உயர்த்தினாள்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சுங்க. தலை வெளிய வந்ததும், அது நேரா அவங்க அம்மாகிட்டப் போயிடுச்சு." என் மனைவி பக்கம் திரும்பினாள். "சரியாம்மா? இனிமே தினமும் இப்படியே சொல்றேன்."

என் மனைவி தலையை ஆட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்துப் போயிருந்தது, அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. ஒட்டகச்சிவிங்கியைப் போல அவனும் நான் விட்ட கதைதான்.