மூன்றாவது வரிசைக்குத் தெரிந்த சிரிப்பு

ஒரு எஞ்சின் நின்றுபோன விமானம் ஆடியபடி இறங்குகிறது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே புகுந்து ஒவ்வொரு முகத்தையும் தடவிவிட்டுப் போகிறது. தலைக்கு மேலே பெட்டிகள் கடகடவென்று உருள்கின்றன. முன்கதவோரம் பயணிகளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் மைக்கில் சொல்கிறாள்: “பெல்ட்டை நல்லா இறுக்கிக்கங்க. நான் கத்தினதும் தலையைக் குனிஞ்சுக்கங்க. பயப்படாதீங்க.” சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அத்தனை கண்களும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. “அந்தப் பொண்ணே சிரிக்குது, ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு இருப்பவள் பக்கத்துப் பெரியவரைக் கேட்கிறாள். அவர் பணிப்பெண்ணின் அப்பா. மகளின் சலுகை டிக்கெட்டில் வந்தவர். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்த தாயிடம், “அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்மா” என்று மகள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது அதுதான். “ஒண்ணும் ஆகாதும்மா, குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்க” என்கிறார். யாரும் சொல்லாமலேயே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். அவள் சிரிப்பு ஒரு நொடி கலைகிறது. உடனே அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அன்று கட்டிலுக்கு மறுபக்கம் நின்று அவரும் இப்படித்தான் சிரித்தார்.