சுவர்வரை வந்த மழை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு மேகத்தின் கதை சொல்கிறேன்.

எங்கள் கரிசல் ஊரின் பொது அறக்கட்டளை கோடைதோறும் ஒரே ஒரு மேகத்தை வரவழைத்து, பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ மானியமாகக் கொடுக்கும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனக்கென்று கேட்கக்கூடாது, அடுத்தவருக்காகத்தான் கேட்கலாம்.

அந்த வருஷம் பள்ளிக் கிணறு வற்றிவிட்டது. தண்ணீர் இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளியை மூடவேண்டும். தலைமையாசிரியை செண்பகவடிவோ பக்கத்து முதியோர் இல்லத்துக்கு மேகம் கேட்டிருந்தார்.

“நம்ம கெணத்துத் தவளைகூட வீட்டைக் காலி பண்ணிட்டுது. நமக்கு யாரு டீச்சர் கேப்பா, காக்காயா?” என்றாள் சத்துணவு சமைக்கும் மாடத்தி.

“அவுக கெணத்துலயும் சேறுதான் மாடத்தி. நான் கேக்கலன்னா அவுகளுக்கு யாரு கேப்பா?”

மதியம் மேகம் வந்தது. மேய்ச்சலுக்குப் போகும் எருமைபோல அசைந்து அசைந்து இல்லத்தைத் தாண்டி, பள்ளிக்கு மேலே வந்து நின்றது. மழை நேராக இறங்கியது. சுற்றுச்சுவர்வரைக்கும்தான் மழை, அந்தப் பக்கம் சுள்ளென்ற வெயில். பிள்ளைகள் கத்திக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். அப்போது வெயிலிலிருந்து, சுவருக்கு மேலே, சுருக்கம் விழுந்த கைகள் ஒவ்வொன்றாக நீண்டு மழையைத் தொட்டன.

“பள்ளிக்கூடத்துக்கு நாங்கதான் கேட்டோம் டீச்சர்,” என்றார் இல்லத்து இருதயராசு. “புள்ளைக சத்தம் இல்லன்னா எங்களுக்குப் பொழுது போகாதுல்லா.”

மாடத்தி, நிறைந்த முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இல்லத்து வாசலுக்கு நடந்தாள்.

உங்கள் வீட்டுக்காகக் கேட்பதற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும் மக்களே.