யாருக்கும் சலுகை இல்லை

"எனக்குக்கூடச் சலுகை வேண்டாம்மா. லிஸ்ட்ல பேர் இருந்தா உள்ள, இல்லைன்னா வெளியே. அவ்வளவுதான்!"

மேலாளர் மேஜையைத் தட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு, பூட்டிய இழுப்பறையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மாவா?

எதிரே கணினிப் பிரிவுக்காரி நின்றிருந்தாள். விற்பனை, விலை, சம்பளம் என்று கம்பெனியின் எல்லா விவரத்தையும் காட்டும் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் அவள் பொறுப்பு. இதுவரை ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட். மறந்துபோகுமே என்று யாரோ ஒரு புண்ணியவான் அதை எழுதி டீ மெஷினில் வேறு ஒட்டி வைத்திருந்தார். வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவன், வீட்டில் உட்கார்ந்தபடியே விலை விவரத்தைத் திறந்து போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். பழி இவள் தலையில் விழுந்தது.

"சார், யார் எதைப் பார்க்கலாம்கிற லிஸ்டை நானே சாஃப்ட்வேருக்குள்ள வெச்சுக்கறேனே. தப்புன்னா உடனே திருத்திடலாம்."

"நீ வெச்சுக்கிட்ட லட்சணத்தைத்தான் பார்த்தோமே! பர்சனல் டிபார்ட்மென்ட்டோட ஸ்டாஃப் லிஸ்ட்ல நேரா இணைச்சிடு. அவங்க ஒரு பேரை எடுத்தா, அடுத்த நிமிஷமே அந்த ஆள் வெளியில நிக்கணும்."

"அவங்க கைதவறி யார் பேரையாவது எடுத்துட்டா...?"

"நல்ல வார்த்தையே வராதா உனக்கு? திங்கட்கிழமை மீட்டிங்ல முதலாளி முன்னாடி நான்தான் திறந்து காட்டப்போறேன். சொதப்பிச்சுன்னா, செவ்வாய்க்கிழமை நீ வர வேண்டாம்."

வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வேலை தேடிக்கொண்டிருக்கும் கணவன். அவள் வாயை மூடிக்கொண்டு இணைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. முதலாளி வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மீட்டிங் அறையில் கூடினார்கள். முதலில் அவள் தன் பெயரைப் போட்டாள். திறந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து காசாளர் போட்டார். அவருக்கு வேண்டியதை மட்டும் காட்டி, மற்றதை மறைத்தது.

"பரவாயில்லையே!" என்று மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'அனுமதி இல்லை' என்றது திரை.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே பதில். காசாளர் மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

"என்னம்மா இது?"

அவள் இணைப்பை அலசினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"சார், அவசரத்துக்கு என் பேர்ல திறந்து காட்டிடட்டுமா?"

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் நுழையக் கூடாதுன்னு ரூல் போட்டதே நான்! பர்சனலுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. என்ன சாக்கு சொல்றாங்கன்னு நானும் கேக்கறேன்."

போட்டாள்.

"அக்கா, நம்ம மேனேஜர் சார் பேர் உங்க லிஸ்ட்ல விட்டுப்போயிருக்கு போல. இப்பவே சேர்த்துடுங்கக்கா. இல்லைன்னா என் வேலை போயிடும்!"

மறுமுனையில் குரல் தணிந்து வந்தது:

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நீ செஞ்சது சரியாத்தான் ஓடுது. அவர் பேரைக் காலையிலதான் எடுத்தோம், மீட்டிங் முடிஞ்சதும் முதலாளியே கூப்பிட்டுச் சொல்றதா இருக்கார். அதுவரைக்கும் அவர் காதுல மட்டும் விழாம பார்த்துக்கோ."