கத்தாத மீட்டர்

"என்ன மாஸ்டர், வழி தவறி வந்துட்டீங்களா?"

கடைக்காரனுக்கு வாயெல்லாம் பல்லு. இருக்காதா பின்னே? காது மாஸ்டர்னா கார் டியூனிங்ல கைராசிக்காரரு. பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, காதைச் சாய்ச்சாருன்னா போதும். இன்ஜினுக்குள்ள பெட்ரோல் கூடவா, காத்து கூடவான்னு புட்டுப் புட்டு வைப்பாரு.

அதையே நம்பர்ல காட்டுற வைட்பேண்ட் மீட்டரைத் தூக்கிட்டு இவன் முன்னே ஒருநாள் அவரு ஷெட்டுக்குப் போனான். "காது இருக்கறவனுக்கு எதுக்குடா இந்த டப்பா?"ன்னு பத்துப் பேர் முன்னாடி விரட்டிவிட்டாரு.

அவரேதான் இன்னிக்கு மீட்டர் வாங்க வந்து நிக்கிறாரு!

"பெட்ரோல் கம்மியா வச்சு ஒரு இன்ஜினை உருக்கிட்டீங்களாமே?"

மாஸ்டர் அவன் வாயையே பாத்தாரு. "ரெண்டுப்பா. இன்னொண்ணு போச்சுன்னா ஒரு பயலும் எங்கிட்ட சாவி தர மாட்டான்."

முள்ளு மீட்டரைக் காட்டினான். நம்பர் மீட்டரைக் காட்டினான். ரெண்டையும் தள்ளிவிட்டாரு.

"வேகமா ஓட்டிப் பாக்கறப்போ ரோட்டைப் பாப்பேனா, இதைப் பாப்பேனா?"

கடைக்காரன் அலமாரிப் பக்கம் திரும்பித் துழாவிக்கிட்டே கேட்டான். "அந்தக் காது என்னாச்சு மாஸ்டர்? வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

கடையில நின்னவங்க கொல்லுனு சிரிச்சாங்க. மாஸ்டர் திரும்பிக்கூடப் பாக்காம ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

'திமிரு இன்னும் அடங்கல பாரு'ன்னு இவனுக்குப் பத்திக்கிச்சு. புதுசா வந்த ஒண்ணை எடுத்து அவரு முன்னாடி டொக்குனு வச்சான்.

"இன்ஜினுக்குள்ள பெட்ரோல் குறைஞ்சா இது கத்தும். பாக்கவே வேணாம்."

"கத்துமா?" மாஸ்டர் முகத்துல ஒரு வெளிச்சம். "எங்க, கத்த விடு."

பேட்டரியில மாட்டி பட்டனை அமுக்கினான். வீல்னு அப்படியொரு சத்தம்! நின்னவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடிப்போச்சு.

மாஸ்டர் கண்ணை மூடினாரு. பானெட்டுக்குள்ள குனியற மாதிரியே குனிஞ்சு மீட்டர்மேல காதைச் சாய்ச்சாரு. மூச்சைக்கூடப் புடிச்சுக்கிட்டாரு.

"இன்னும் ஆன் பண்ணலியாப்பா?"

யாரும் சிரிக்கல.

கடைக்காரன் பட்டன்லேருந்து கையை எடுத்தான். அவரு தோளைத் தொட்டான். அவரு கண்ணைத் திறந்ததும், வாய் நல்லாத் தெரியற மாதிரி மெதுவா சொன்னான்.

"அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான் மாஸ்டர். எங்க கடை மீட்டரெல்லாம் டப்பா. கத்தவே மாட்டேங்குது."