இடது பக்கம் இழுக்கும் கார்

"நேத்துதானே ஸ்டியரிங்கைச் சரிபண்ணிட்டேன்னு சொன்னே? மறுபடியும் இடது பக்கமே இழுக்குது. மீன்கடையில மோதியிருப்பேன்."

தென்கொரியாவின் தேகு நகரத்துப் பட்டறை வாசலில், பழைய காருக்குள் இருந்தபடியே எரிந்து விழுந்தார் பியோங்தோ.

மெக்கானிக் யோன்சுக் அவரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"கார் நேராத்தான் போகுது அண்ணே."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அவருக்குப் பேச்சு லேசாகக் குழறியது.

யோன்சுக் உற்றுப் பார்த்தாள். "ரெண்டு கையையும் தூக்குங்க."

"காரைப் பாரும்மா. என் கைக்கு என்ன?" சலித்துக்கொண்டே தூக்கினார்.

வலது கை உயர்ந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது.

பட்டறையைக்கூடப் பூட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினாள்.

"பக்கவாதம். நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க, பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர். "நீங்க மகளா?"

"இல்லைங்க, மெக்கானிக்."